சிலம்பு சொன்ன சாட்சி



பழங்காலக் கொலை மர்மத்தைச் சாதாரணப் பெண்ணொருத்தி துப்புத் துலக்கும் கதைகள் பலருக்கும் பிடிக்கும். அத்தகைய ஒருத்தியை நாம் சிலப்பதிகாரத்தின் 20ஆவது காதையாகிய வழக்குரை காதையிலேயே காணலாம்.

அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழியோ கோவலன் மேல் விழுந்தது. பாண்டிய மன்னன் தீர விசாரியாமல் அவனைக் கொல்வித்தான். அவைக்கு வந்த கண்ணகி அழுததோடு நிற்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முன்னதாகவே சொன்னாள். தங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் மன்னன். அதன் பின்னரே, கோவலனிடம் கைப்பற்றிய சிலம்பை அவள் உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. இருவரும் முன்பே சொல்லிவிட்டதால், பிறகு பேச்சை மாற்ற வழியில்லை. துப்பறிதலின் உயிர் இதுவே.

சுங்கை பெசார் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு நாங்கள் இக்காதையைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால், ஏழைப் பிள்ளையின் பையைத்தான் முதலில் துழாவத் தோன்றும். பையைத் திறக்குமுன், பறிகொடுத்தவரிடம், "உன் பேனாவுக்கு என்ன அடையாளம்?" என்று கேட்போம். கொல்லச் சொல்லுமுன் மன்னன் இப்படிக் கேட்டிருந்தால், கோவலன் பிழைத்திருப்பான்.