நிற்கவும் இடம் வேண்டும், நடக்கவும் இடம் வேண்டும்



ஆதிச்சநல்லூரில் மேடையேறுகிறவர்கள் பரம்பு என்னும் பழைய இடுகாட்டு மேட்டின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் இம்மண்ணைத் தோண்டிப் பார்த்ததையும், அவருக்குப் பின் வந்த அலெக்சாண்டர் ரீ, 114 ஏக்கர் பரந்து கிடக்கும் இந்தப் பரம்பிலிருந்து முதுமக்கள் தாழிகளையும் வெண்கலப் பாத்திரங்களையும் இரும்புக் கருவிகளையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் வெளிக்கொணர்ந்ததையும் கேட்டுக் கேட்டு, இவ்வூர்க் குழந்தைகளுக்கே அவை மனப்பாடமாகியிருக்கும். நான் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அவ்வளவு புராதனமானதன்று. அந்தப் பழமையைக் காண வருகிறவர் தம் வண்டியை எங்கே நிறுத்துவது, அப்படி நிறுத்திய வண்டியைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் குழந்தை எந்தப் பக்கமாகப் போவது என்ற இரண்டு கேள்விகளே என் பேச்சுக்குப் பொருள். அற்பமான விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு ஸ்தல ஸ்தாபனத்தின் விவேகமும் தைரியமும் இத்தகைய அன்றாடக் காரியங்களில்தான் பரிசோதிக்கப்படுகின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் ஊரின் நிலைமையைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே செல்கிறது. தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் வைகாசி விசாகத்துக்கும் பாதயாத்திரையாகச் செல்லும் முருக பக்தர்கள் இந்தச் சாலையின் ஓரத்தில்தான், இரவென்றும் பகலென்றும் பாராமல், வரிசை வரிசையாக நடந்து போகிறார்கள். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி முதலான நவதிருப்பதிகளைச் சேவிக்க வரும் வேன்களும், தாமிரபரணிக் கரையில் விளைந்த வாழைத்தார்களை ஏற்றிய லாரிகளும், டவுன் பஸ்களும், டிராக்டர்களும் இதே சாலையில்தான் ஓடுகின்றன. இவற்றோடு, 2020ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் ராகிகர்ஹி, ஹஸ்தினாபுரம், சிவசாகர், தோலாவிரா ஆகிய நான்கு தலங்களுடன் ஆதிச்சநல்லூரும் அகழாய்வு நடந்த இடத்திலேயே அருங்காட்சியகம் பெறும் என்று அறிவிக்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் கண்ணாடித் தளத்தின் வழியே தாழிகளை இருந்த நிலையிலேயே காணும் காட்சிக்கூடமும் திறக்கப்பட்ட பிறகு, நம் ஊரைத் தேடி வருகிற கார்களும் பள்ளிச் சுற்றுலா பஸ்களும் சேர்ந்திருக்கின்றன. வருகிறவர்கள் நம் விருந்தினர்கள். அவர்கள் வருவது நமக்குப் பெருமை. விருந்தினர் வருவார் என்று தெரிந்தும் அவர் வண்டிக்கு ஓர் இடம் காட்டாமல், அவர் சாலையோரத்தில் நிறுத்திவிட்டார் என்று குறை கூறுவது மாத்திரம் நியாயமாகாது.

ஓடுகிற வண்டி ஆபத்தானது என்பதை எல்லோரும் அறிவார்கள். நிற்கிற வண்டியும் உயிரைக் குடிக்கும் என்பதை நாம் போதிய அளவு உணரவில்லை. சாலையோர மண்பாதையில் ஒரு வேன் நின்றால், அங்கே நடந்துகொண்டிருந்த மனிதர் தார்ச்சாலையில் இறங்கித்தான் அதைக் கடக்க வேண்டும். இரண்டு வண்டிகளின் இடைவெளியிலிருந்து சாலையைக் கடக்க வரும் சிறுவனை ஓட்டுநர் காண்பதற்கு முன்பே வண்டி அவனை நெருங்கிவிடுகிறது. பின்விளக்கு எரியாமல் இரவில் நிற்கும் லாரி, எதிரே வரும் வெளிச்சத்தில் கண் கூசிய மோட்டார் சைக்கிள்காரருக்குப் புலப்படுவதே இல்லை. துறைமுகத்துக்கும் உப்பளங்களுக்கும் சரக்கு ஏற்ற வரும் கனரக வாகனங்கள் காத்துக் கிடக்கும் தூத்துக்குடிச் சாலைகளில் இரவுப் பிரயாணம் செய்தவர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நம் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். இந்தக் கணக்குகளை மத்திய அரசு வெளியிடும் அறிக்கையில் நின்றிருந்த வண்டியில் மோதியவர்களுக்கென்றே தனியாக ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், இது தற்செயலாக நேரும் துர்ப்பாக்கியம் அன்று, தடுக்கத்தக்க தீமை என்பதற்கு வேறு பிரமாணம் வேண்டுமா?

சட்டம் இல்லாமல் இந்தத் தீமை வளரவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவு, வண்டிகள் நிற்கத்தக்க இடங்களை, அந்தந்த ஊரின் உள்ளாட்சியைக் கலந்தாலோசித்து, அரசு நிர்ணயிக்கலாம் என்கிறது. 122ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ நேரும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. 127ஆவது பிரிவு, கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியை இழுத்துச் செல்ல வழி செய்கிறது. 1989இல் வந்த சாலை விதிகளும், 2017இல் அவற்றின் இடத்துக்கு வந்த புதிய விதிகளும், சந்திப்பு, வளைவு, நடைபாதை, பஸ் நிறுத்தம், பள்ளி வாசல், ஆஸ்பத்திரி வாசல் ஆகிய இடங்களில் வண்டி நிற்கலாகாதென்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கின்றன.

இத்தனையும் இருக்க, காரியம் ஏன் நடப்பதில்லை? சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. பரம்பு தொல்லியல் துறையுடையது. போக்குவரத்தை ஒழுங்கு செய்வது போலீஸ். தெருவும் விளக்கும் வாய்க்காலும் பஞ்சாயத்தினுடையவை. நால்வர் பொறுப்பென்று சொல்லப்படும் காரியம் ஒருவருடைய பொறுப்பாகவும் ஆகாமல் போவது நாம் நாடெங்கும் காண்கிற அனுபவம். விபத்து நடந்த மறுநாள் மனுக் கொடுக்கிறோம். அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். சில நாள் கயிறு கட்டுகிறார்கள். பிறகு கயிறும் போய்விடுகிறது, கவனமும் போய்விடுகிறது. இந்த நால்வரில் மற்ற மூவரையும் ஓரிடத்தில் அமர்த்திக் கேள்வி கேட்கும் தார்மிக உரிமை ஊராட்சிக்கே உண்டு. ஏனெனில், துறைகளுக்குச் சாலை ஒரு சொத்து. ஊராட்சிக்கு மாத்திரமே அது தன் குழந்தைகள் நடக்கும் வழி.

ஊராட்சிக்கு இதில் அதிகாரம் ஏது என்று சிலர் கேட்கக் கூடும். 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், கிராம ஊராட்சி வண்டிப்பேட்டை அமைக்கலாம், அதற்குக் கட்டணம் வசூலிக்கலாம் என்று அனுமதித்திருக்கிறது. மாட்டு வண்டிக் காலத்துச் சட்டங்களிலிருந்து வழிவழியாக வந்த அந்த ஏற்பாட்டில் மோட்டார் வாகனங்களையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். அதனினும் முக்கியமான ஓர் அம்சம் உண்டு. பேட்டை ஒன்றை அமைத்துக் கொடுத்த பிறகே, அதிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் சாலையோரத்தில் வண்டி நிறுத்துவதை ஊராட்சி தடை செய்யலாம் என்பது அந்தச் சட்டத்தின் முறை. முதலில் இடம் கொடு, பிறகு தடை விதி என்ற இந்த வரிசையில் எவ்வளவு நியாயம் இருக்கிறது! இடம் கொடாமல் அபராதம் மாத்திரம் விதிக்கிற ஆட்சி பிரஜைகளின் மரியாதையை இழக்கிறது. இடமும் கொடாமல் தடையும் செய்யாமல் இருக்கிற ஆட்சியோ பிரஜைகளின் உயிரையே இழக்கிறது.

பேட்டைக்கு எந்த இடம் என்பது அடுத்த கேள்வி. பரம்பை ஒட்டியே ஒரு மைதானத்தைச் சமன் செய்துவிடலாம் என்று அவசரப்படலாகாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் தலத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பகுதி என்று 2010இல் திருத்தப்பட்ட சட்டம் வகுத்திருக்கிறது. புல்டோசர் ஓடுகிற இடத்தின் கீழே இன்னும் எத்தனை தாழிகள் உறங்குகின்றனவோ! நம் முன்னோர், ஆற்று நீர் பாயும் வளமான வயலை விட்டுவிட்டு, உழவுக்கு உதவாத கல்லாங்குத்து மேட்டை இறந்தோருக்கென ஒதுக்கினார்கள். எந்த நிலம் எதற்கு என்று வகுத்துக் கொள்ளும் அறிவு இந்த ஊருக்குப் புதிதன்று. அதே அறிவோடு, தடை எல்லைக்கு வெளியே, சாலையின் வளைவுக்கு விலகி, மழைநீர் தேங்காத ஒரு புறம்போக்கை அளந்து எடுத்து, அங்கிருந்து காட்சிக்கூடம் வரை முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் செல்லத்தக்க நடைபாதை ஒன்றையும் அமைத்தால், வருகிறவர்களுக்கும் சௌகரியம், ஊருக்கும் க்ஷேமம்.

பிற தேசங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்பதும் நமக்குப் பயன்படும். ஜப்பானியர் 1962இலேயே, கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருக்கிறதென்று சான்று காட்ட வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். நெதர்லாந்தில் 1970களில், சாலைகளில் குழந்தைகள் இறப்பதைச் சகியாத பெற்றோர் வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்தார்கள். அதன் பயனாக, வீட்டுத் தெருக்களில் நடப்பவருக்கே முதலுரிமை என்ற கொள்கை அங்கே வேரூன்றியது. அங்கும் அரசு தானாக விழித்துக்கொள்ளவில்லை. ஜனங்கள் வாய் திறந்த பிறகே விழித்தது.

நம் கடமையையும் நாம் மறக்கலாகாது. வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள தெரு தமக்கே சொந்தம் என்று எண்ணிக் கல்லை நட்டு வைப்பவர்களும், தம் வாசல் ஒழிந்திருக்க வேண்டுமென்று அடுத்த வீட்டு வாசலில் வண்டியை விடுபவர்களும் எந்த ஊரிலும் உண்டு. "அண்ணாச்சி, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், அதை அவமரியாதையாகக் கொள்வது அறியாமை. நெஞ்சுவலி கண்டவரை ஏற்ற 108 வண்டி நள்ளிரவில் நம் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றுவிடுமானால், அன்றைக்கு யாரைக் குற்றம் சொல்லுவோம்? சாலையோரத்தில் இளநீரும் பதநீரும் விற்றுப் பிழைக்கிற ஏழைகளின் வயிற்றில் அடிப்பதும் வண்டிப்பேட்டை ஏற்பாட்டின் நோக்கமாகாது; பேட்டைக்குள் அவர்களுக்குத்தான் முதல் இடம் அளிக்க வேண்டும்.

நம் பிரதேசத்தில் சபை கூடித் தீர்மானிப்பது நேற்று வந்த பழக்கமன்று. திருநெல்வேலிக்கு அருகே மானூரில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் காலச் சாசனம், சபையில் அமர்வோர்க்கு வேண்டிய தகுதிகளை விதித்ததோடு, கொண்டுவரும் ஒவ்வொரு யோசனைக்கும் கூடாது, கூடாது என்றே தடை சொல்லுகிறவர்க்கு ஐந்து காசு தண்டம் என்றும் விதித்தது. அந்தச் சபையில் நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே இடம் இருந்தது. இன்றைய கிராம சபையிலோ வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொரு ஆணும் பெண்ணும் உறுப்பினர். 2025 ஜனவரியில் நம் மாவட்டத்து ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது என்பதைக் காட்டி, தலைவரே இல்லாதபோது என்ன செய்ய முடியும் என்று அப்போது சோர்ந்து பேசியவர்கள் உண்டு. தலைவருக்குப் பதவிக்காலம் உண்டு; கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. நாற்காலியில் யார் இருந்தாலும், இல்லாவிட்டாலும், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் அந்தச் சபையில் நம் குரலை யாரும் தடுக்க முடியாது.

ஆகவே அன்பர்களே, அடுத்த கிராம சபையில் ஒரே ஒரு தீர்மானத்தை நாம் எல்லோரும் சேர்ந்து கொண்டுவருவோம். தொல்லியல் துறையின் தடை எல்லைக்கு வெளியே ஒரு வண்டிப்பேட்டை அமைக்க வேண்டும்; அது அமைந்த பிறகு, வளைவிலும் பள்ளி வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் வண்டி நிற்பதை ஊராட்சியும் போலீசும் தடை செய்ய வேண்டும்; பாதயாத்திரைக் காலங்களில் சாலையோரம் முழுவதையும் நடப்பவர்களுக்கே ஒதுக்கிவிட்டு விளக்கும் போட வேண்டும்; பேட்டையில் வசூலாகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுத்து, அந்தப் பணத்தைப் பேட்டையின் விளக்குக்கும் கழிப்பிடத்துக்கும் காவலுக்குமே செலவிட்டு, கணக்கைச் சபையில் படிக்க வேண்டும்; தீர்மானத்தின் நகலை ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கும் சம்பந்தப்பட்ட துறைகளுக்கும் அனுப்பி, அதற்கடுத்த சபையில் அவர்கள் பதிலை ஊரறியக் கேட்க வேண்டும். மனு என்பது நேர்ந்துவிட்ட துயரத்துக்குப் பரிகாரம் கேட்பது. தீர்மானம் என்பது நேரவிருக்கும் துயரத்தைத் தடுப்பது. இன்னொரு வீட்டில் அழுகுரல் எழும் வரை காத்திராமல், அந்தத் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்தை இட வாருங்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் மன்றாடிக் கேட்டு அமர்கிறேன்.