ஒற்றைக்காலில் நிற்பது
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



எல்லாரும் எழுந்து, மேசை கைக்கு எட்டும் தூரத்தில் நின்று ஒரு காலைத் தூக்குங்கள். சரி, இப்போது கண்ணை மூடுங்கள். சிரிப்பு கேட்கிறது! பாதிப் பேர் அதற்குள் காலை ஊன்றிவிட்டீர்கள்.

விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போகிறது. கண், உட்செவியின் அரைவட்டக் குழல்கள் இரண்டும் நமக்குத் தெரியும். மூன்றாவது, தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வேற்பிகள். ஐம்புலன் பாடத்தில் இதற்கு இடமே இல்லை. ஆனால் மின்சாரம் போன இருட்டிலும் சோற்றுக் கவளம் மூக்குக்குப் போகாமல் வாய்க்குப் போவது இதனால்தான். 1906-இல் ஷெரிங்டன் இதற்கு 'ப்ரோப்ரியோசெப்ஷன்' என்று பெயரிட்டார். வகுப்பில் நான் 'உடல்நிலை உணர்வு' என்கிறேன்.

இதைக் கற்பிக்க நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் ஏது? சிதம்பரம் கோயில் கோபுர வாயில்களில் 108 கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. சுற்றுலா போகும்போது பிள்ளைகளை வேகமாக நடத்திக் கூட்டிப் போய்விடுகிறோம். ஒரே ஒரு சிற்பத்தின் முன் நிறுத்தி, "எடை எந்தக் காலில்? இடுப்பு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். நடராசர் வலக்காலை முயலகன்மேல் ஊன்றி, முட்டியைச் சற்று மடித்து, இடக்காலைக் குறுக்கே தூக்கியிருக்கிறார். ஈர்ப்பு மையம் பாடத்துக்கு வேறு படம் வேண்டாம். பரதத்தின் அரைமண்டியும் அதே கணக்குதான். மையம் தாழ்ந்தால் நிலை உறுதி. 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி அங்கே நாட்டியாஞ்சலி நடக்கிறது. மேடையில் கண்ணாடி கிடையாது. கை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை ஆடுபவர் உடம்பாலேயே அறிய வேண்டும்.

இது பிறவி வரம் அல்ல. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 29 பாலே நடனப் பெண்களையும் 20 படகு வலிக்கும் பெண்களையும் இருட்டறையில் நாற்காலியில் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். நாற்காலி நின்ற பிறகும் சுற்றுவது போன்ற உணர்வு நடனப் பெண்களுக்குச் சீக்கிரம் அடங்கியது. உட்செவிச் செய்தியை வாங்கும் சிறுமூளைப் பகுதியும் அவர்களுக்குச் சிறியதாக இருந்தது. பயிற்சியின் தடம் அது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

நமக்கு இதில் என்ன? எட்டு, ஒன்பதாம் வகுப்பில் கைகால் கிடுகிடுவென நீளும். மூளையிலுள்ள பழைய அளவு உடனே மாறாது. பெஞ்சில் இடித்துக்கொள்வான், தண்ணீரைக் கொட்டுவான். நாம் 'கவனமில்லாதவன்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். என் வகுப்பில் ஒரே ஆண்டில் வளர்ந்துவிட்ட ஒரு மாணவியை, வரிசையைக் கெடுக்கிறாள் என்று ஆண்டுவிழா நடனத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் தினமும் காலையில் ஐந்து நிமிடம் வெறுங்காலில் பயிற்சி, வகுப்பு முழுவதற்கும்தான். விழாவில் இரண்டு இடத்தில் தடுமாறினாள், ஆட்டத்தை விடவில்லை.

முதல்நாள் "ஒற்றைக்காலில் நில்லுங்கள்" என்றதும் ஒரு பையன், "நான் என்ன டீச்சர் செஞ்சேன்?" என்றான். கல்வி உரிமைச் சட்டம் 2009 உடல் தண்டனையைத் தடை செய்துவிட்டது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் முதலில் நானே நின்று காட்டினேன்.

செய்முறை இதுதான். இருவர் இருவராகச் சுவரோரம் நிற்கட்டும். முதல் வாரம் கண் திறந்து, பிறகு மூடி. மூடும்போது ஜோடி கையருகே இருக்க வேண்டும். பழகியபின் மணலில். கடலூர்ப் பள்ளிகளுக்கு வெள்ளிக் கடற்கரை பக்கம்தானே! கண் திறந்திருந்தும் அடிக்கடி விழும் பிள்ளையைத் திட்டாமல், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.