டுரியானுக்கு வேர் ஓரினம், பழம் ஓரினம்

பினாங்கின் பாலிக் புலாவ் மலைச்சரிவுகளில் டுரியான் காலம் வந்துவிட்டால் 'ஆங் ஹே' பழத்துக்குத் தனி மவுசு. மலேசிய விவசாயத் துறை 1990-இல் டி175 என்று பதிவு செய்த இனம் அது.

அதன் கொட்டையை ஊன்றினால் அதே பழம் கிடைக்குமா? உறுதியில்லை. வௌவால்கள் வேறு மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். அதனால்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள்.

வேருக்குக் கம்போங் டுரியான், அதாவது நாட்டு டுரியான். நோய் தாங்கி நிற்கும் பழைய மரத்திலிருந்து பருத்த கொட்டைகளைப் பொறுக்கி, சதை போகக் கழுவி, உடனே ஊன்ற வேண்டும். காயவிட்டால் சில நாள்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். கன்று பென்சில் பருமனானதும் நுனியை வெட்டிப் பிளந்து, ஆப்பு போலச் சீவிய ஆங் ஹே குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகக் கட்டுவார்கள்.

குளிர்நாடுகளில் பேரிக்காயைச் சீமைமாதுளை வேரில் ஒட்டுவது மரத்தைக் குட்டையாக வைக்க. இங்கே கவலை வேறு: நீர் தேங்கும் மண்ணில் 'ஃபைட்டோஃப்தோரா' கிருமி வேரையும் அடிமரத்தையும் அழுகச் செய்துவிடும்.

ஒட்டுக்கன்று வாங்கும் நேயர்களே, மேட்டுப்பாங்கான இடத்தில் நடுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்; அது ஆங் ஹே அல்ல, கம்போங் டுரியான்.