திருவிழாக் கடைக்கு மின்சாரம்

மாசி மகத்தன்று புதுவை வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சென்றவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். மயிலம் முருகனும், தீவனூர் விநாயகரும், வேறு பல ஊர்த் தெய்வங்களும் தீர்த்தவாரிக்காக அங்கே எழுந்தருளுவர். வெறும் மணலாயிருந்த இடத்தில் பந்தலும் கடைகளும் முளைத்துவிடும். அத்தனைக்கும் விளக்கெரிய வேண்டும். இரண்டொரு நாளில் பிரித்துவிடப் போகும் கடைதானே என்று மின் இணைப்பையும் ஏனோதானோவென்று அமைப்போருண்டு. மின்சாரத்திற்கோ தற்காலிகம், நிரந்தரம் என்னும் வேறுபாடு தெரியாது.

மாணவ நண்பர்களே, பள்ளியில் நீங்கள் கற்ற ஓம் விதி ஒன்றே இதை விளக்கப் போதுமானது. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனைக்கும் நியூட்ரல் எனப்படும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே 230 வோல்ட். இரு முனைகளுக்கு இடையே 400 வோல்ட். ஒரு முனையில் தேநீர்க் கடையின் 1000 வாட் வெந்நீர்க் கலம். மற்றொரு முனையில் வளையல் கடையின் 100 வாட் விளக்கு. மூன்றாம் முனையில் சுமை ஏதும் இல்லை என்று கொள்வோம். இருவருக்கும் நடுநிலைக் கம்பி பொது. உப்புக்காற்றில் களிம்பேறிய ஒரு முடிச்சு விட்டுப்போனால் என்ன ஆகும்? வெந்நீர்க் கலமும் விளக்கும் 400 வோல்ட்டுக்கு இடையே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டு விடுகின்றன. கலத்தின் தடை ஏறத்தாழ 53 ஓம்; விளக்கினது 529 ஓம். ஆகவே விளக்கின்மீது 360 வோல்ட்டுக்கு மேல் பாய்கிறது; கலத்திற்கு 40 வோல்ட்கூட இல்லை. இழப்பவர் சிறிய கடைக்காரரே!

அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுவோர், முகாம்களில் நட்டிருக்கும் மின்கம்பத்தில் செருகி மின்சாரம் பெறுகிறார்கள். 240 வோல்ட்டை நடுவே பகுத்து, இருபுறமும் 120 வோல்ட் எடுக்கும் முறை அங்குள்ளது. நடுநிலைக் கம்பி அறுந்தால் அவர்களுக்கும் இதே கதிதான். அதனால் அழுத்தத்தை அளந்து, மிகுந்தால் தானே துண்டித்துவிடும் காப்புக் கருவியைக் கம்பத்துக்கும் வண்டிக்கும் இடையே பொருத்துகிறார்கள். நம் பந்தல்களுக்கும் அது தகும். நடுநிலைக் கம்பியில் ஃபியூஸ் வைத்தல் மட்டும் கூடவே கூடாது.

பொருள் போனால் வாங்கலாம், உயிர் அப்படியன்று. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டதை நாடறியும். அது மேலே சென்ற கம்பி. கீழே தகரக் கொட்டகையின் காலில் உராயும் கம்பியும் கொல்ல வல்லதே.

ஃபியூஸ் காப்பாற்றாதா என்பீர்கள். அது கம்பியைக் காக்கப் பிறந்தது, மனிதனையன்று. உலர்ந்த மணலில் ஓர் இரும்புக் குழாயை முழங்கால் ஆழம் புதைத்து, அதையே எர்த் என்று சொல்லிவிடுகிறோம். அதன் தடை 100 ஓம் என்றால், கசிந்து செல்லும் மின்னோட்டம் 2.3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் அசைந்து கொடுக்காது. தகரம் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். குழாய் ஈரமணலைத் தொடும்வரை இறங்க வேண்டும்.

அதனினும் நம்பத்தக்கது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்குக்குள் துண்டித்துவிடும். 100 வாட் விளக்கு இழுப்பது 430 மில்லி ஆம்பியர். அதில் பதினான்கில் ஒரு பங்கு! மனித இதயத்தைத் தடுமாறச் செய்ய அவ்வளவு சிறிய ஓட்டம் சற்று நீடித்தாலே போதும். ஆயினும் முன் சொன்ன நடுநிலைக் கம்பிக் கோளாறை இக்கருவி கண்டறியாது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று.

நீண்ட கம்பியைச் சுருளோடு வைத்துப் பெருஞ்சுமை ஏற்றினால் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும். ஒட்டுகளை மணலில் கிடத்தாமல் உயரத்தில் கட்டுதல் நலம்.

ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் சோதனைப் பொத்தான் ஒன்றிருக்கும். கூட்டம் சேருமுன் அதை அழுத்திப் பார்க்க ஒரு விநாடி போதும். விசை விழாவிட்டால் அன்று மாலை அந்தக் கடைக்கு அரிக்கன் விளக்கே ஏற்றது.