கையொப்பத்திற்கு முன் வழக்கறிஞர்

(பினாங்கு, ஜோர்ஜ் டவுனில் சிறுவணிகர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற உரை)



செபராங் பிறையின் ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கடை வைத்திருக்கின்றனர், உணவகம் நடத்துகின்றனர், லாரி வைத்துத் தொழில் செய்கின்றனர், குத்தகை வேலைகளை எடுத்து முடிக்கின்றனர். நாம் மகிழத்தக்க மாற்றம் இது. ஆயினும், பழைய எண்ணம் ஒன்று நம்மை விட்டு இன்னும் அகலவில்லை. வழக்கறிஞர் என்றால் வழக்கு, வழக்கு என்றால் தொல்லை என்பதே அவ்வெண்ணம். அதனால், தொழில் தொடங்கும் வேளையில் நாம் அவரை நாடுவதில்லை. தகராறு முற்றி, நோட்டீஸ் கைக்கு வந்த பின்னரே ஓடுகின்றோம். வணிகத்தில் அனுபவமிக்க வழக்கறிஞரின் துணை நமக்கு மிகுதியும் தேவைப்படுவது நீதிமன்றத்தில் அன்று. பத்திரத்தில் கையொப்பம் இடுவதற்கு முன்னரே என்பதை இன்று வலியுறுத்த விரும்புகின்றோம்.

வணிகமும் சட்டமும் பிரிக்க முடியாதவை என்பதற்கு இந்நகரின் வரலாறே சான்று. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றத்தைத் தொடங்கினார். பல நாட்டு வணிகர்கள் இங்கு வந்து குவிந்தனர். எனினும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக முறையாக அமைந்த நீதிமன்றம் இங்கு இல்லை. 1807ஆம் ஆண்டின் அரச சாசனத்தின்படி அமைந்த நீதிமன்றம் 1808இல் திறக்கப்பட்டது. இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனின் நினைவுச் சின்னத்தைக் காண்கின்றோம். 1869இல் மறைந்த அவர், ஐரோப்பியர் அல்லாத மக்களின் உரிமைக்காகவும் வாதாடிய வழக்கறிஞர்.

அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்றும் நமக்குப் பாடமாக அமைந்துள்ளது. 1948ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட பழைய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. கடைத்தெருவிலும் அதனை அடுத்த வீதிகளிலும் பலர் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் தொழில் நடத்தி வந்தனர். அச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் நிறைவேறியது. இடைக்காலம் முடிந்து, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. வாடகை உயர்ந்தது, பழைய குடியிருப்பாளரும் சிறுவணிகரும் பலர் இடம்பெயர நேர்ந்தது. சட்டம் தந்த பாதுகாப்பு நீங்கிய பின், வாடகைதாரருக்குத் துணை நிற்பது அவர் கையிலுள்ள ஒப்பந்தம் ஒன்றே. அத்தகைய ஒப்பந்தம் இல்லாதவருக்கு நெடுநாள் பழக்கமும் நல்லுறவும் போதிய காப்பாக அமைவதில்லை.

ஒப்பந்தம் எழுதினால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. தேசிய நிலச் சட்டத்தின்படி, மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை நில அலுவலகத்தில் பதிவு பெறுதல் வேண்டும். மூன்றாண்டுக்கு உட்பட்ட வாடகைக்குப் பதிவு தேவையில்லை. ஆயினும், அதனை நில உரிமைப் பதிவில் குறிப்பாக ஏற்றிக்கொள்ளலாம். அவ்வாறு ஏற்றாதிருக்கும்போது உரிமையாளர் கட்டடத்தை விற்றுவிட்டால், புதிய உரிமையாளரை நம் வாடகை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. கடையைச் செப்பனிட்டுச் சாமான் அடுக்க 40,000 வெள்ளி செலவிட்ட ஒருவர், ஆறே மாதத்தில் வெளியேற வேண்டிய நிலை வந்தால் அவர் என் செய்வார்? இந்த ஒரு குறிப்பை நினைவூட்டும் வழக்கறிஞர், தாம் பெறும் கட்டணத்தினும் பன்மடங்கு மதிப்புள்ள உதவியைச் செய்தவர் ஆவார்.

அடுத்துக் கூட்டு வணிகத்தைக் கருதுவோம். ஓய்வு பெற்ற ஒருவர் சேமநிதிப் பணத்திலிருந்து 30,000 வெள்ளி போடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மைத்துனர் 5,000 வெள்ளி போடுகின்றார். “நமக்குள் எழுத்து எதற்கு?” என்று இருவரும் தொடங்குகின்றனர். 1961ஆம் ஆண்டின் பங்காளித்துவச் சட்டம் என்ன கூறுகின்றது? வேறு உடன்பாடு இல்லையாயின், பங்காளிகள் முதலையும் இலாபத்தையும் சமமாகப் பகிரும் உரிமை உடையவர். நட்டத்தையும் சமமாக ஏற்க வேண்டியவர். ஒருவர் வணிகத்தின் பெயரால் வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பாவார். ஒரு பங்காளி இறந்தால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, பங்காளித்துவமே கலைந்துவிடும். உறவு கெடாமல் இருக்க வேண்டுமாயின் எழுத்து இன்றியமையாதது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட அக்காலத்தில், பாட்டாளிகளின் சிறு தொகைகள் தோட்டம் வாங்கும் முதலாகத் திரண்டன. அப்பணம் வாய்ச் சொல்லை நம்பித் திரட்டப்பட்டதன்று. பதிவு பெற்ற சங்கத்தில், எழுதிய விதிகளின்கீழ்த் திரட்டப்பட்டது.

எனவே, எத்தகைய வழக்கறிஞரை நாம் நாட வேண்டும்? நம் நாட்டில் நீதிமன்றத்தில் வாதாடுவோரும் பத்திரம் எழுதுவோரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவரே. ஆயினும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு துறையில் பழகியிருப்பர். குற்ற வழக்கில் பெயர் பெற்றவர், கடை வாடகையிலும் கம்பெனிப் பத்திரத்திலும் அதே அளவு பழக்கம் உடையவராய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. நம் தொழிலை ஒத்த தொழில்களுக்கு அவர் பத்திரம் எழுதியதுண்டா, வங்கிக் கடன், உரிமம், ஊழியர் தொடர்பான செய்திகளில் அவருக்குப் பழக்கம் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டா. நல்ல வழக்கறிஞர் இக்கேள்விகளால் மனம் வருந்தமாட்டார்.

அவர் தொழில் நடத்தும் தகுதி உடையவர்தாமா என்பதையும் அறிதல் வேண்டும். 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் தொழில் புரியும் வழக்கறிஞர் ஆண்டுதோறும் சான்றிதழ் பெற வேண்டும். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பெயர்ப் பட்டியலில் இதனைச் சரிபார்க்கலாம். பினாங்கு வழக்கறிஞர் குழுவிடமும் விசாரிக்கலாம். தகுதியற்றவர் வழக்கறிஞராக நடந்துகொள்வது குற்றம். “எனக்கு எல்லாரையும் தெரியும், நான் முடித்துத் தருகின்றேன்” என்று வரும் தரகரிடம் பணமும் பத்திரமும் கொடுத்தல் ஆகாது. வழக்கில் வென்றால் மட்டும் கட்டணம் என்று பேசும் ஏற்பாட்டையும் அச்சட்டம் அனுமதிப்பதில்லை.

மற்றொன்று, பலர் அறியாதது. கட்டட உரிமையாளரின் வழக்கறிஞர் நம் வழக்கறிஞர் அல்லர். பத்திரத்தை அவர் எழுதினார், நாம் கையொப்பமிட்டோம் என்றால், அவர் காத்தது தம் கட்சிக்காரரின் நலனையே. அதில் தவறு ஒன்றும் இல்லை; அதுவே அவர் கடமை. நம் நலனைக் காக்க நமக்கென ஒருவர் வேண்டும். பங்காளிகள் இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் என்றாலும், “தாங்கள் யார் சார்பில் இருக்கின்றீர்கள்?” என்று முதலிலேயே கேட்டுவிடுதல் நலம்.

கட்டணத்தையும் முன்னரே பேச வேண்டும். சொத்து விற்பனை முதலியவற்றுக்குரிய கட்டணத்தை அரசாங்க ஆணை நிர்ணயித்துள்ளது. மற்ற வேலைகளுக்குப் பேசி முடிவு செய்யலாம். எந்தெந்த வேலை அடங்கும், முத்திரை வரியும் பதிவுச் செலவும் தனியா என்பதை எழுத்தில் பெற வேண்டும். கொடுத்த பணத்திற்கெல்லாம் ரசீது வாங்க வேண்டும். கட்சிக்காரர் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருப்பது வழக்கறிஞரின் கடமையாகும்.

பத்திரம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். படித்துப் பார்க்கவில்லை என்று பின்னர் கூறினால் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. ஆகையால், ஒவ்வொரு பிரிவையும் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எத்தனை நாள் நோட்டீஸ்? முன்பணம் எப்போது திரும்பும்? தனிப்பட்ட முறையில் நாம் ஜாமீன் நிற்கின்றோமா? இம்மூன்றையும் கேளாமல் பேனாவைத் தொடுதல் ஆகாது. ஒப்பமிட்ட பத்திரத்திற்கு முத்திரை வரி செலுத்தப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். உரிய முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் எளிதில் சான்றாக ஏற்பதில்லை.

எல்லாவற்றுக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. சிறு வணிகத்தின் பெயரைக் கம்பெனிகள் ஆணையத்தில் நாமே பதியலாம். சிறு தொகைக் கோரிக்கைகளுக்கு, 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் 5,000 வெள்ளி வரையில் வழக்கறிஞரின்றி நடத்தும் முறையை வகுத்தன. ஆனால், வாடகை, பங்கு, கடன், ஜாமீன் ஆகிய நான்கிலும் தனித்து நடத்தல் சிக்கனம் ஆகாது. ஒப்பந்தம் மீறப்பட்டால், பொதுவாக ஆறு ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பதையும் மனத்திற் கொள்க. “பார்ப்போம், பார்ப்போம்” என்று காத்திருந்தோர் உரிமையை இழப்பர்.

அமர்த்திய வழக்கறிஞரே நெறி தவறினால், முறையிட வழி உண்டு. வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்திடம் எழுத்து மூலம் புகார் செய்யலாம். ஆதலால், ரசீதுகளையும் கடிதங்களையும் ஒரு கோப்பில் பத்திரமாகச் சேர்த்து வைத்தல் வேண்டும்.

அன்பர்களே! பால்மரக் காட்டிலும் செம்பனை நிழலிலும் நம் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இது. அதனைத் தொழிலில் இடும் துணிவு நமக்கு வந்துவிட்டது. அத்துணிவோடு, கையொப்பமிடும் முன் ஒரு நாள் பொறுத்து, தக்காரிடம் கேட்டறியும் பழக்கமும் சேருமாயின், நம் முதல் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.