குனிவதும் தாழ்மையும்



தோட்டத்து மக்களிடம் தாழ்மையைப் பற்றிப் பேச நாம் சற்றுத் தயங்கத்தான் வேண்டும். இருள் பிரியும் முன்னே பிரட்டுக்கு நின்று, கிராணிக்கும் மண்டோருக்கும் தலை தாழ்த்திய தலைமுறைகள் நம்முடையவை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் கூலி உயர்வை மட்டுமா கேட்டார்கள்? இந்தச் சைக்கிள் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். "இன்னும் எவ்வளவு தாழ வேண்டும், ஐயா?" என்று ஒரு தாய் நம்மைக் கேட்டால், அது நியாயமான கேள்வி.

ஆகவே முதலிலேயே ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். துரைக்கு முன்னால் குனிந்தது பயம், பிழைப்பு. அதற்குத் தாழ்மை என்று பெயர் சூட்ட வேண்டாம். கிறிஸ்தவ வாழ்வு கேட்கும் தாழ்மை வேறு திசையில் குனிவது. யாரை நமக்குக் கீழே என்று வைத்திருக்கிறோமோ, அவர் பக்கம் குனிவது அது.

பெரிய வியாழக்கிழமை மாலையில் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். குருவானவர் மேலாடையைக் களைந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுகிறார். இயேசு தம் சீடருக்குச் செய்ததன் நினைவு அது. அந்நாளில் யூதேயா நாட்டின் சாலைகள் புழுதிச் சாலைகள். காலில் செருப்பு மட்டும். வீட்டுக்கு வருபவரின் காலைக் கழுவுவது வேலைக்காரரிலும் கடைசி வேலைக்காரருக்கு விடப்பட்ட காரியம். அதனால்தான் பேதுரு பதறிப்போய்க் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். குரு என்ற உரிமையை இயேசு அங்கே மறுக்கவில்லை. அந்த உரிமையோடுதான் மண்டியிட்டார்.

நம் பெருமை எங்கே குடியிருக்கிறது என்று பார்க்கப் பெரிய மாளிகைகளுக்குப் போக வேண்டியதில்லை. நம் லயத்திலேயே பார்க்கலாம். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. மெழுகுவர்த்தி ஏந்தி ஒரே பவனியில் நடக்கிறோம். வீடு திரும்பியதும் பெண் கொடுக்கும் பேச்சு வருகிறது. அங்கே சாதி தானாக வந்து பாய் விரித்து உட்காருகிறது. நன்கொடைப் பலகையில் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டால் சிலருக்கு உறக்கம் வருவதில்லை. அடுத்த வரிசை வீடுகளில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். நம் தாத்தா கப்பலில் வந்ததுபோலக் கடன் வாங்கி வந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்களை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? துரை நம் தாத்தாவைக் கூப்பிட்ட அதே குரலில் அல்லவா?

பினாங்குத் தீவில் பத்து லஞ்சாங் பக்கம் முதியோர் இல்லம் ஒன்று உண்டு. அதை நடத்துவது ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் கன்னியர் சபை. இந்தச் சபை உண்டான கதையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். ஏனென்றால் அது ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதை.

பிரான்சு நாட்டில் கடலோரத்துக் காங்கால் என்ற ஊரில் 1792ஆம் ஆண்டு பிறந்தவர் ழான் ஜுகான். தகப்பனார் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர், திரும்பவே இல்லை. பெண் பிறர் வீட்டு அடுக்களையில் வேலை செய்து வளர்ந்தார். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையும் கைகால் வலுவும் இழந்த ஒரு கிழவியைத் தம் இருப்பிடத்துக்கு எடுத்து வந்து, தம் கட்டிலைக் கொடுத்துவிட்டு, இவர் பரணில் போய்ப் படுத்தார். அப்போது இவருக்கு வயது 47. ஒருவர் இருவராகி, இருவர் பலரானார்கள். அத்தனை பேருக்கும் சோறு? கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு செல்வர் எரிச்சலில் அடித்தே விட்டாராம். அந்த அடி தமக்கு, இனித் தம் முதியவர்களுக்கு ஏதாவது கொடுங்கள் என்று இவர் கேட்டதாகச் சொல்வார்கள். கையேந்துவதில் இவருக்கு வெட்கம் இல்லாமல் இல்லை. பசித்தவர் வீட்டில் காத்திருந்தார், அதனால் போனார்.

1843ஆம் ஆண்டு சகோதரிகள் இவரையே மறுபடி தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மேற்பார்வையில் இருந்த லெ பாய்யர் என்ற குரு அந்தத் தேர்தலைத் தள்ளிவிட்டு, இளம் சகோதரி ஒருவரைத் தலைவியாக்கினார். 1845இல் பிரெஞ்சு அகாதெமி ழான் ஜுகானுக்குப் பரிசளித்துப் பாராட்டியது; ஆனால் 1852இல் அவர் வேலையிலிருந்தே ஒதுக்கப்பட்டார். அதற்குப் பிறகு 27 ஆண்டுகள்! புதிதாக வந்த இளம் கன்னியர்களோடு வாழ்ந்தார். சபையைத் தொடங்கியவர் இந்தக் கிழவிதான் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. 1879 ஆகஸ்ட் 29ஆம் நாள் அவர் இறந்தபோது சபையில் ஏறத்தாழ 2,400 சகோதரிகள்.

இங்கே நாம் கவனமாயிருக்க வேண்டும். அந்தக் குரு செய்தது அநியாயம். அதை அழகுபடுத்திச் சொல்வது சரியல்ல. திருச்சபையே விசாரித்து 1890ஆம் ஆண்டு அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. ழான் ஜுகானும் வாய் பொத்தி இருந்துவிடவில்லை. என் பணியைப் பறித்துக்கொண்டீர், ஆனாலும் மனமார விட்டுத் தருகிறேன் என்ற பொருளில் அவரிடமே சொன்னதாக ஒரு செய்தி உண்டு. பறித்ததைப் பறித்தது என்றே சொன்னார். ஆனால் தம் பெயருக்காக முதியவர்களின் அடுப்பை அணையவிடவில்லை. சண்டையென்று இறங்கியிருந்தால் சபை இரண்டாகியிருக்கும். பட்டினி கிடப்பது யார்? இந்தக் கணக்கை அவர் போட்டிருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. கூலி பிடித்தத்துக்கும் கிழிந்த கூரைக்கும் வழக்காடும் தொழிலாளி இவரைக் காட்டி வாயடைக்கப்பட வேண்டியதில்லை. அவன் கேட்பது பிள்ளைகளின் சோறு; இவர் விட்டது தம் பெயர்.

2009 அக்டோபர் 11ஆம் நாள் ரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அதைவிட நமக்குப் பிடித்தது 1865ஆம் ஆண்டில் நடந்த ஒன்று. சபைக்கு நிலையான வருமானம் தரும் சொத்தை ஏற்கலாமா என்று கேள்வி எழுந்தது. ஒதுக்கி வைத்திருந்த ழான் ஜுகானை அழைத்துக் கேட்டார்கள். வேண்டாம், அன்றாடம் கையேந்தியே வாழ்வோம் என்றார். அவ்வாறே முடிவாயிற்று. கையெழுத்திட்டுவிட்டு, இளம் கன்னியர்கள் இருந்த பக்கம் திரும்பிப் போனார்.