படைமுகம் கண்ட ஜானகி அம்மையார்



துப்பாக்கி ஏந்திப் பர்மாவரை சென்று வந்த நம் நாட்டுப் பெண்மணி ஒருவரைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அவர் ஜானகி ஆதி நாகப்பன். 1925ஆம் ஆண்டு கோலாலம்பூரில் வசதியான குடும்பமொன்றில் பிறந்தவர்.

1943ஆம் ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் கோலாலம்பூருக்கு வந்து உரையாற்றினார். பதினெட்டு வயது ஜானகி மிதிவண்டியிற் சென்று அவ்வுரையைக் கேட்டார். அணிந்திருந்த காதணிகளை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். பெண்களுக்கெனப் படை அமையப்போகிறது என்றறிந்ததும் அதில் சேரத் துணிந்தார். தந்தையார் முதலில் மறுத்தார். அக்காலத்தில் எந்தத் தந்தைதான் உடனே இசைந்திருப்பார்? மகளின் உறுதி கண்டு பின்னர் இணங்கினார்.

ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. தளபதி கேப்டன் லட்சுமி. முதல் நாள் முகாமில் தட்டிலிட்ட சுவையற்ற உணவைக் கண்டு அழுகை வந்ததாக ஜானகி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆனால், அருகில் அமர்ந்து அதே உணவை உண்டவர்களுள் மிகப் பலர் யார் தெரியுமா? மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற இளம்பெண்கள். விடியலில் பிரட்டுக்கு நின்று பழகிய அவர்களுக்கு அணிவகுப்பு புதிதன்று. இந்துஸ்தானியில் இடப்பட்ட கட்டளைகள்தாம் புதியவை, அவற்றையும் கற்றுக்கொண்டனர். தோட்டத்து ஆடவர் ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில் பாதையில் மடிந்த காலம் அது என்பதையும் மறவாதீர்கள்.

ஜானகி பர்மாவில் அணி நடத்தினார். 1945 ஏப்ரல் இறுதியில் இரங்கூனைவிட்டுப் பின்வாங்க நேர்ந்தபோது, பகலில் விமானங்களுக்கு அஞ்சி மரநிழலில் மறைந்தும், இரவில் நடந்தும், சித்தாங் ஆற்றைக் கடந்தும் பாங்காக் நோக்கிச் சென்றனர். பெண்களை அனுப்பிவிடாமல் நேதாஜியும் உடன் நடந்தார். அவர் பாதங்கள் கொப்புளித்திருந்தன. இரயிலில் திரும்பிய வேறோர் அணியில் இரு பெண்கள் தாக்குதலில் உயிர் நீத்தனர்.

போருக்குப்பின் அம்மையார் வீட்டில் ஒடுங்கிவிடவில்லை. 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தோற்றத்தில் பங்கேற்றார். பின்னாளில் மேலவை உறுப்பினரானார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014 மே 9ஆம் நாள் காலமானார்.

அவருக்கேனும் பெயர் நிலைத்தது. உடன் சென்ற தோட்டத்துப் பெண்களோ திரும்பி வந்து மீண்டும் பால்வாளியை ஏந்தினர். சீருடையைப் பற்றிப் பிள்ளைகளிடம்கூடப் பேசாதோர் பலர். உங்கள் பாட்டியோ, பாட்டியின் தமக்கையோ அவர்களுள் ஒருவராயிருந்தால், பெயர், தோட்டம், சென்ற ஆண்டு ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். பழைய நிழற்படம் இருப்பின் அதன் பின்புறத்திலேயே எழுதலாம். பென்சிலால் எழுதினால் படம் கெடாது.